நுண்கணிதத்தின் வாசற்படி எங்கே தொடங்குகிறது?



படிவம் மூன்று முடியும் தறுவாயில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகின்றது. "என் பிள்ளை படிவம் நான்கில் கூடுதல் கணிதம் எடுக்கலாமா? அவனால் தாக்குப்பிடிக்க முடியுமா?" பொறியியல் போன்ற துறைகளுக்கு இப்பாடம் வாயிலாக இருப்பதால், கேள்வியோடு கவலையும் கலந்தே வருகின்றது. விடுமுறையிலேயே பிரத்தியேக வகுப்பில் சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் முடிவெடுக்கின்றனர்.

நுண்கணிதத்தின் வாசலில் நிற்கும் மாணவன் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பது புதிய கேள்வியன்று. கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் பெரும் கணித அறிஞர்கள் சிலர் இதற்கு விடை தந்துள்ளனர். அவ்விடை தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நம்மையே சுட்டுகின்றது என்பதால், அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

கேரளத்தில் ஒரு நூல்

ஏறத்தாழ 1530ஆம் ஆண்டளவில் கேரளத்தைச் சேர்ந்த ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்னும் நூலை இயற்றினார். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராம மாதவரின் வழிவந்தவர் அவர். அம்மரபினர் வட்டத்தின் சுற்றளவை முடிவிலாத் தொடராகக் கணக்கிடும் முறையை அறிந்திருந்தனர். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் சென்றால் பையின் மதிப்பில் கால் பங்கு கிட்டும். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதே தொடரைக் கண்டது 1670களில்தான். கேரள மரபின் இச்சாதனையைச் சார்லஸ் விஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1834இல் வெளிவந்த தம் கட்டுரையில் மேலை உலகிற்கு எடுத்துரைத்தார்.

இத்துணை உயர்ந்த கணிதத்தைக் கூறும் நூல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம் ஆகியவற்றில்! அவற்றை அடுத்துப் பின்னம் வருகின்றது. பின்னர் விகிதக் கணக்கு வருகின்றது. இவற்றையெல்லாம் கடந்த பிறகே மாணவன் வட்டத்தை அணுகுகின்றான். அறிஞர்களின் மொழியாக வடமொழி விளங்கிய காலத்தில் இந்நூல் மலையாளத்தில் எழுதப்பட்டது. விதிகளை ஒப்புவிக்கச் செய்யாமல், ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தையும் அது விளக்கியது. நூற்பெயரில் உள்ள 'யுக்தி' என்ற சொல் குறிப்பது அக்காரண விளக்கத்தையே.

இம்மரபைச் சேர்ந்த நீலகண்டர் ஆராய்ந்த ஒரு கணக்கு நம் வகுப்பறைக்கும் ஏற்றது. காகிதத் தாள் ஒன்றை நான்கு சம பாகங்களாக்கி, மூன்று மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாகம் கொடுங்கள். எஞ்சிய பாகத்தை மீண்டும் நான்காக்கி, அவ்வாறே பகிருங்கள். தொடர்ந்து செய்துகொண்டே போனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 1/4 + 1/16 + 1/64 + ... ஆகும். மூவருக்கும் சமமாகப் பகிர்ந்ததால் ஒவ்வொருவரின் பங்கும் 1/3ஐ நெருங்கிக்கொண்டே செல்கின்றது. நான்காம் ஆண்டு மாணவனும் இதனைக் கண்ணால் கண்டு உணரலாம். 'எல்லை' என்று பிற்காலத்தில் அவன் கற்கப்போகும் கருத்தின் வித்து இதுவே.

ஆய்லர் கண்ட குறை

சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோனார்டு ஆய்லர் (1707 – 1783), நுண்கணிதத்திற்கு முன்னர்க் கற்க வேண்டியவற்றிற்கென்றே 1748இல் இரு தொகுதிகள் கொண்ட நூல் ஒன்றை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். அதன் தலைப்பை 'முடிவிலிகளின் பகுப்பாய்வுக்கு முன்னுரை' எனத் தமிழில் கூறலாம். வகைநுண்கணிதத்தைப் பற்றிய அவருடைய நூல் 1755இலும், தொகைநுண்கணிதத்தைப் பற்றியது 1768 முதலும்தான் வெளிவந்தன. இன்று உயர்நிலைப்பள்ளிகளில் நுண்கணிதத்திற்கு முன்னோடியாக அமையும் பாடத்தின் முதல் நூலாக 1748ஆம் ஆண்டு நூலைக் கருதலாம்.

அவர் அதனை எழுதிய காரணம் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. உயர்கணிதத்தில் மாணவர்கள் இடறுவதற்கு அக்கணிதத்தின் கடினம் காரணமன்று. சாதாரண இயற்கணிதத்தையே செவ்வனே கற்காமல் மேலே செல்ல முயல்வதுதான் காரணம் என்பது அந்நூலின் முகப்பில் அவர் கூறும் கருத்து. 270 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் கூடுதல் கணித ஆசிரியர்கள் கூறும் குறை இதுவேயன்றோ?

அந்நூலில் முதலில் விளக்கப்படுவது 'சார்பு'. அதாவது, ஓர் அளவு மாறும்போது அதனைச் சார்ந்து மற்றோர் அளவு எவ்வாறு மாறுகிறது என்பதாகும். அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் ஆகியவையும் முறையாக விளக்கப்படுகின்றன. பின்னமாக எழுதப்பட்ட கோவையை முடிவிலாத் தொடராக மாற்ற ஆய்லர் கையாளும் முதல் கருவி நெடு வகுத்தல். ஒன்றை மூன்றால் வகுக்கும்போது மீதி ஒன்று மீண்டும் மீண்டும் வருவதையும், 0.333... என விடை நீள்வதையும் நம் மாணவர்கள் காண்கின்றனர். ஆய்லர் செய்தது அதன் நீட்சியே ஆகும்.

தையல்காரர் கற்ற இயற்கணிதம்

பார்வை ஏறத்தாழ முற்றிலும் மங்கிய முதுமையில் ஆய்லர் மற்றொரு நூலை வாய்மொழியாகக் கூறி எழுதுவித்தார். 1770இல் ஜெர்மன் மொழியில் வெளியான இயற்கணித நூல் அது. எழுதியவர் தையல் தொழில் பழகிய ஓர் இளைஞர். எண்கணிதத்திற்கு மேல் எதுவும் அறியாதவர். ஆய்லர் சொல்லச் சொல்ல எழுதிய அவர், நூல் முடிவதற்குள் கடினமான இயற்கணிதக் கணக்குகளையும் தாமே செய்யும் திறம் பெற்றார் என அந்நூலின் முகவுரை கூறுகின்றது. கூட்டல், கழித்தல் குறிகளின் பொருளிலிருந்து ஒவ்வொரு படியாக அந்நூல் ஏறிச் செல்வதே அதற்குக் காரணம். அவ்விளைஞருக்கு எண்கணித அடிப்படை இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

தனிப் பாடமான வரலாறு

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் இயற்கணிதம், முக்கோணவியல், பகுமுறை வடிவியல் ஆகியவை நெடுங்காலம் தனித்தனியே கற்பிக்கப்பட்டன. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் கணிதக் கல்விச் சீர்திருத்தம் வேகம் பெற்றது. 1959இல் கல்லூரி வாரியத்தின் கணித ஆணையம், பன்னிரண்டாம் வகுப்பில் சார்புகளை மையமாகக் கொண்ட பாடத்தைப் பரிந்துரைத்தது. இத்தகைய பாடங்களே 'பிரீகால்குலஸ்' என்ற பெயரில் பரவின. 2023இல் அவ்வாரியம் அதனைத் தன் உயர்நிலைத் தேர்வுப் பாடங்களுள் ஒன்றாகவும் சேர்த்தது.

நம் நாட்டில் அவ்விடத்தை வகிப்பது கூடுதல் கணிதம். 2020இல் படிவம் நான்கில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தைப் பாருங்கள். சார்பு, இருபடிச் சார்பு, அடுக்கும் மடக்கையும், தொடர்கள் என அது செல்கின்றது. வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் படிவம் ஐந்தில் வருகின்றன. ஆய்லர் வகுத்த வரிசையின் சாயலை இதில் காணலாம்.

நம் பிள்ளைகளுக்கு மொழி மாற்றம் என்ற ஒரு படியும் கூடுதலாக உள்ளது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின; 2009இல் அக்கொள்கை கைவிடப்படும் என அரசு அறிவித்தது. தமிழில் கணிதம் கற்ற மாணவன் இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ, இருமொழித் திட்ட வகுப்பாயின் ஆங்கிலத்திலோ அதனைத் தொடர்கின்றான். காரணம் புரிந்து கற்றவனுக்குப் புதிய சொல் மட்டுமே புதிது. விதியை மட்டும் மனனம் செய்தவனுக்கோ சொல்லும் பொருளும் ஒருசேரப் புதிதாகிவிடுகின்றன.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பின்னத்தை அவசரமாகக் கடந்து செல்லாதிருப்போம். ஒரு பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்பதை மாணவன் தன் சொற்களில் கூற வேண்டும்.

இரண்டாவதாக, சமக்குறியின் பொருளை உணர்த்துவோம். 7 + 6 = __ + 4 என்ற கணக்கில் வெற்றிடத்தில் 13 என எழுதும் மாணவன், சமக்குறியை 'விடையை எழுது' என்ற கட்டளையாகக் கருதுகின்றான். இருபுறமும் சமம் என்று உணர்ந்தவனே 9 என எழுதுவான். இயற்கணிதச் சமன்பாடு முழுவதும் இவ்வுணர்வின் மீதே நிற்கின்றது.

மூன்றாவதாக, ஆறாம் ஆண்டில் முக்கியக் கலைச்சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அறிமுகப்படுத்துவோம். விளக்கம் தமிழிலேயே இருக்கட்டும்.

பெற்றோர்களே, படிவம் நான்கின் பாடங்களை முன்கூட்டியே கற்பிக்கும் வகுப்பைத் தேடுமுன், உங்கள் பிள்ளைக்குப் பின்னமும் கோவைகளைக் காரணிப்படுத்துதலும் தெளிவாக உள்ளனவா எனச் சோதித்துப் பாருங்கள். குறையிருப்பின் அங்கேயே திரும்பிச் செல்வதில் இழுக்கில்லை. எண்கணிதம் மட்டுமே அறிந்த தையல்காரர் ஒருவர் முறையாகப் படியேறி உயர்ந்திருக்கும்போது, நம் பிள்ளைகளால் இயலாதா என்ன? அந்த முதற்படி ஆசிரியர்களாகிய நம் வகுப்பறையில்தான் இருக்கின்றது. அதனை உறுதியாக அமைப்போம்.