குளிர்காலத்தின் நண்பர்களும் கழுவப்பட்ட இருக்கையும்

பைன், மூங்கில், பிளம் மூன்றையும் சேர்த்துச் சீன மரபு 'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்' என்கிறது. பைனும் மூங்கிலும் பனியிலும் பசுமை மாறுவதில்லை. பிளம், குளிர் போகுமுன்பே இலையற்ற கிளையில் பூத்துவிடுகிறது. காலம் கெட்டாலும் நிலை மாறாத மனிதனுக்கு இவை குறியீடு. இது எல்லாரும் சொல்வதுதான். ஆனால் எது குளிர்காலம் என்று தீர்மானிப்பது யார்?

13ஆம் நூற்றாண்டில் ஜாவோ மெங்ஜியான் இம்மூன்று கிளைகளையும் பின்னி மையால் வரைந்த சிறு ஓவியம் இன்று தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் சொங் அரச குலத்தவர். 1279இல் சொங் ஆட்சி முற்றாக வீழ்ந்து, மங்கோலியரின் யுவான் வம்சம் சீனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதே அரச குலத்தின் இன்னொரு ஓவியர் ஜாவோ மெங்ஃபு 1286இல் குப்ளாய் கானிடம் பதவிக்குப் போனார்.

14ஆம் நூற்றாண்டில் ஒரு கதை எழுதப்படுகிறது. பதவிக்காரரான மெங்ஃபு, பெரியவர் மெங்ஜியானைப் பார்க்க வருகிறார். பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அவர் போனதும், உட்கார்ந்திருந்த இருக்கையைக் கழுவச் சொல்கிறார் மெங்ஜியான்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் நடந்திருக்க முடியாது. மெங்ஜியான் சொங் வீழ்ச்சிக்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே செத்துப்போனார். மெங்ஃபு அப்போது சிறுவன். பைனை வரைந்தவன் பணிந்திருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு, ஓவியத்துக்கேற்ற ஓவியனைக் கட்டமைத்துக்கொண்டது. மெங்ஃபுவும் மூங்கில் வரைந்தவர்தான். வளையும், முறியாது என்பதும் மூங்கிலின் அர்த்தம்தானே? அவரைத் துரோகி என்று வாசித்தவர்கள் அந்தச் சலுகையை அவருக்குத் தரவில்லை.

ஜப்பானில் இம்மூன்றும் 'ஷோச்சிக்குபாய்' என்ற பெயரில் புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்குமான மங்கலச் சின்னங்களாயின. உணவகங்களில் பைன் உயர்ந்த விலை, மூங்கில் நடுத்தரம், பிளம் கடைசி. குளிர் போய்விட்டது, படிவரிசை வந்துவிட்டது.

தைவானில் சியாங் கை-ஷேக்கின் அரசு 1964இல் பிளம் பூவைத் தேசியப் பூவாக்கியது. 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த தீவு அது. அரசின் கதையாடலில் குளிர் என்பது கடலுக்கு அப்பாலிருந்த கம்யூனிஸ்டுகள். அந்த அரசின் சிறையில் கிடந்தவனுக்கோ அரசே குளிர். பூ என்னவோ ஒன்றுதான்.

ஆகவே இந்த ஓவியங்களின் முன் நிற்கும்போது செடியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, பனி யார் வாசலில் விழுந்ததுன்னு கேட்க வேண்டியிருக்கிறது.