இரக்கத்திற்கு இட்ட தடை

ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் எவரும் முள்வேலி இடுவதில்லை. பலர் நடந்து நடந்து தடம் பதிந்த வழியைத்தான் வேலியிட்டு அடைக்கின்றனர். ஆணைகளும் அத்தகையவையே. "இதைச் செய்யாதே" என்று ஓர் ஆணை பிறக்கிறதென்றால், அதைச் செய்ய மனிதர் முற்படுகின்றனர் என்பதே அதன் உட்பொருள்.

1942 செப்டம்பர் 17 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பற்படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ் தம் கப்பல் தலைவர்கள் அனைவருக்கும் ஓர் ஆணை அனுப்பினார். மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களில் இருந்தவர்களைக் காப்பாற்ற எம்முயற்சியும் செய்யலாகாது. நீரில் தத்தளிப்போரைத் தூக்கிப் படகில் ஏற்றலாகாது. கவிழ்ந்த படகை நிமிர்த்தலாகாது. உணவோ குடிநீரோ வழங்கலாகாது என்பது அதன் சாரம். இவ்வாணை பிறக்கக் காரணமாக இருந்தவர் எதிரி நாட்டவர் அல்லர். டோனிட்சின் கீழ்ப் பணியாற்றிய கப்பல் தலைவர் ஒருவரே. அவர் பெயர் வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன். அவருடைய வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோம்.

போர் வீரர் ஒருவர்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள பிளாவன் நகரில் 1908 பிப்ரவரி 27 அன்று பிறந்த ஹார்ட்டென்ஸ்டைன், தம் இருபதாம் வயதில் கடற்படையில் சேர்ந்தார். போரின் தொடக்கத்தில் டார்பிடோப் படகுகளுக்குத் தலைமை தாங்கினார். 1941இல் நீர்மூழ்கிப் பிரிவுக்கு மாறினார். அவ்வாண்டு செப்டம்பரில் யு-156 என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் அவர் பொறுப்பில் விடப்பட்டது.

அவர் சாதுவான மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். 1942 பிப்ரவரி 16 அன்று கரிபியக் கடலில் உள்ள அரூபாத் தீவின் எண்ணெய்த் துறைமுகத்தை இருளில் நெருங்கி, அங்கு நின்ற எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கினார். எரியும் எண்ணெய் கடல்மீது பரவ, கப்பலோட்டிகள் பலர் அத்தீயில் மாண்டனர். அதன்பின் கரையிலிருந்த சுத்திகரிப்பு ஆலையைச் சுட முனைந்தபோது, பீரங்கிக் குழாயின் வாய்மூடியைக் கழற்ற அவருடைய ஆள்கள் மறந்தனர். குண்டு குழாயிலேயே வெடித்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார்; அதிகாரி ஒருவர் காலை இழந்தார். சிதைந்த குழாயின் முனையை அறுத்தெறிந்துவிட்டு, அதே பீரங்கியைக் கொண்டு ஹார்ட்டென்ஸ்டைன் தம் வேட்டையைத் தொடர்ந்தார். அவர் மூழ்கடித்த கப்பல்கள் ஏறத்தாழ 20. அவற்றின் மொத்த அளவு 97,000 டன்னுக்கும் மேல். ஒவ்வொரு கப்பலிலும் யாரோ ஒருவரின் தந்தையும் மகனும் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

இருளில் எழுந்த குரல்கள்

1942 செப்டம்பர் 12 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், அசென்ஷன் தீவுக்கு வடகிழக்கே, விளக்கணைத்துச் சென்ற பெருங்கப்பல் ஒன்றை யு-156 கண்டது. ஏறத்தாழ 20,000 டன் அளவுள்ள அக்கப்பலின் பெயர் லக்கோனியா. பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்ட அது, அப்போது பீரங்கிகள் பூட்டப்பட்ட போர்க்காலத் துருப்புக் கப்பல். போர் விதிகளின்படி அதைத் தாக்கத் தடையில்லை. இரவு பத்து மணியளவில் இரண்டு டார்பிடோக்கள் அதைத் துளைத்தன.

கப்பலில் யார் இருந்தனர் என்பது ஹார்ட்டென்ஸ்டைனுக்குத் தெரியாது. சூயஸிலிருந்து ஏடன், மொம்பாசா, டர்பன், கேப்டவுன் வழியாக இங்கிலாந்து நோக்கிச் சென்ற அதில் 2,700 பேர் அளவில் இருந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 1,800 பேர் வட ஆப்பிரிக்கப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள். பிரித்தானிய வீரர்களும், காவலுக்கு நின்ற போலந்து வீரர்களும், பெண்களும் குழந்தைகளும் உடனிருந்தனர். கப்பலின் அடித்தளங்களில் அடைக்கப்பட்டிருந்த கைதிகளுள் பலர் வெளியேற வழியின்றி அங்கேயே மடிந்தனர். கம்பிக் கதவுகளைத் தகர்த்து மேலே வந்தவர்களைக் காவலர் சிலர் துப்பாக்கி முனைக் கத்தியால் தடுத்ததாக உயிர் தப்பியோர் பின்னர் சாட்சி கூறினர். கப்பல் ஒருபுறம் சாய்ந்ததால் படகுகளுள் பல பயன்படவில்லை. கப்பல் தலைவர் ருடால்ப் ஷார்ப் கப்பலோடு மூழ்கினார். கடலில் விழுந்தவர்களைச் சுறாக்கள் சூழ்ந்தன.

யு-156 அருகே வந்தபோது, உதவி கேட்டுக் கதறும் குரல்கள் இத்தாலிய மொழியில் கேட்டன. இத்தாலி அன்று ஜெர்மனியின் தோழமை நாடு. தம் நட்பு நாட்டவரையே கொன்றுவிட்டோம் என்பதை ஹார்ட்டென்ஸ்டைன் உணர்ந்தார். மீட்பைத் தொடங்க அவரைத் தூண்டியது இந்த உணர்வே எனலாம். ஆனால் கயிறு வீசத் தொடங்கிய பிறகு, கயிற்றைப் பற்றியவர் எந்நாட்டவர் என்று அவர் கேட்கவில்லை. இத்தாலியர், ஆங்கிலேயர், போலந்து நாட்டவர், பெண்கள், குழந்தைகள் என்று அகப்பட்ட அனைவரையும் மேலேற்றினார். இரக்கம் ஒருவேளை தன்னவரிடமிருந்து தொடங்கலாம். ஆனால் தொடங்கிவிட்டால் அது எல்லை பார்ப்பதில்லை.

அடுத்த நாள் விடியுமுன் சுமார் 190 பேர் அச்சிறு கப்பலில் இருந்தனர். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட மாலுமிகளுக்கே இடம் போதாத கப்பல் அது! அப்போது அவர் செய்த செயல் கடற்போர் வரலாற்றில் மிக அரிது. தாம் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு, மறைகுறி இன்றி, ஆங்கிலத்தில் வானொலிச் செய்தி விடுத்தார். தம்மைத் தாக்காதவரை, உதவிக்கு வரும் எந்தக் கப்பலையும் தாம் தாக்கப்போவதில்லை என்று அதில் உறுதியளித்தார். மறைந்திருப்பதே நீர்மூழ்கியின் உயிர். அந்த மறைவை அவர் தாமாகவே துறந்தார்.

டோனிட்சும் அப்போது இதைத் தடுக்கவில்லை. யு-506, யு-507 ஆகிய ஜெர்மானிய நீர்மூழ்கிகளையும், காப்பெல்லினி என்னும் இத்தாலிய நீர்மூழ்கியையும் உதவிக்கு அனுப்பினார். பிரான்சின் விஷி அரசும் ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து கப்பல்களை அனுப்ப இசைந்தது. யு-507இன் தலைவர் ஹாரோ ஷாக்ட், ஒரு மாதத்திற்கு முன் பிரேசில் கரையோரம் பயணிகள் கப்பல்களை மூழ்கடித்து நூற்றுக்கணக்கானோரின் சாவுக்குக் காரணமானவர். பிரேசில் நாடு போரில் இறங்கியதும் அதனாலேயே. அவரே இப்போது தத்தளித்தவர்களைத் தூக்கி, சூடான உணவு கொடுத்தார். மனித உள்ளத்தின் இந்த முரணை எந்த ஏட்டில் எழுதி முடிப்பது?

செஞ்சிலுவையின் மேல் குண்டு

செப்டம்பர் 16. நான்கு படகுகளைக் கயிற்றால் இழுத்தவாறு யு-156 நின்றது. கப்பலின் உள்ளும் மேல்தளத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர். படகுகளில் இன்னும் பலர். பீரங்கியின் மேல் பெரிய செஞ்சிலுவைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. முற்பகலில் அசென்ஷன் தீவிலிருந்து அமெரிக்க லிபரேட்டர் விமானம் ஒன்று மேலே வந்தது. மீட்கப்பட்டவர்களுள் ஒருவரான பிரித்தானிய விமானப் படை அதிகாரி, கப்பலில் பெண்களும் குழந்தைகளும் உள்ளனர் என்று விளக்கொளியால் விமானத்திற்குச் செய்தி அனுப்பினார்.

விமானி தளத்திடம் என்ன செய்வது என்று கேட்டார். நீர்மூழ்கியை உடனே மூழ்கடிக்குமாறு மறுமொழி வந்தது. விமானம் திரும்பி வந்து குண்டுகளை வீசியது. ஒரு குண்டு படகுகளின் நடுவே விழ, பிழைத்தவர்கள் பலர் இரண்டாம் முறையாகச் சாவின் வாயில் விழுந்தனர். இம்முறை அவர்கள் மீளவில்லை.

அந்தத் தீவின் விமானத்தளம் இரகசியமானது. நீர்மூழ்கியால் அதற்கும், அவ்வழி வரும் கப்பல்களுக்கும் ஆபத்து என்று அங்கிருந்த அதிகாரிகள் கருதினர். மீட்புப் பணி பற்றிய செய்தியும் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. இவை அவர்கள் தரப்பு நியாயங்கள். ஆயினும் அக்குண்டுவீச்சுக்காகப் பின்னர் எவர்மீதும் வழக்கு நடத்தப்படவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சேதமுற்ற கப்பலைக் காக்க, ஹார்ட்டென்ஸ்டைன் இழுவைக் கயிறுகளை வெட்டச் செய்தார். தாம் காப்பாற்றியவர்களையே மீண்டும் படகுகளுக்கும் கடலுக்கும் அனுப்பிவிட்டு நீருள் மறைந்தார். இக்காட்சியை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது. கயிறு வீசிய கைகளே கயிற்றை வெட்டின.

மற்ற நீர்மூழ்கிகள் மீட்டவர்களைப் பிரெஞ்சுக் கப்பல்கள் 17ஆம் நாள் முதல் ஏற்றுக்கொண்டன. மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். 1,600 பேருக்கு மேல் மாண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியக் கைதிகள். இரண்டு படகுகள் எவர் கண்ணிலும் படாமல் ஆப்பிரிக்கக் கரை நோக்கி மிதந்தன. ஒன்று 27 நாள்களுக்குப் பின் கரை சேர்ந்தது. அதில் புறப்பட்ட 68 பேரில் 16 பேரே எஞ்சினர். அவர்களுள் ஒருவர் டோரிஸ் ஹாகின்ஸ் என்னும் ஆங்கிலச் செவிலியர். அவர் பொறுப்பில் வந்த பதினான்கு மாதக் குழந்தை, கப்பல் மூழ்கிய இரவிலேயே கடலில் மறைந்திருந்தது. நீர்மூழ்கியில் ஜெர்மானியர் தம்மை அன்போடு நடத்தியதை, போர் முடியுமுன்பே அவர் எழுதி வெளியிட்டார். பகைவரின் நற்செயலைப் பகையின் நடுவே பதிவு செய்வதும் ஒரு வீரமே.

ஆணையும் அதன் விளைவும்

குண்டுவீச்சின் மறுநாளே நாம் தொடக்கத்தில் கண்ட ஆணை பிறந்தது. அதே நாளில்தான் ஹார்ட்டென்ஸ்டைனுக்கு உயரிய வீரச்சிலுவை விருதும் வழங்கப்பட்டது. ஒரு கையால் அவருக்குப் பதக்கம் சூட்டிய தலைமை, மறு கையால் அவர் செய்ததை இனி எவரும் செய்யலாகாது என்று எழுதியது.

உண்மையில் இது முதல் தடை அன்று. 1939ஆம் ஆண்டின் இறுதியிலேயே, எவரையும் காப்பாற்ற வேண்டாம் என்ற ஆணையை டோனிட்ஸ் தம் தலைவர்களுக்குப் பிறப்பித்திருந்தார். ஆயினும் 1942இல் அதையே மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஏன்? கடலில் ஒருவன் மூழ்கும்போது கை நீட்டுவது கடலோடிகளின் பழமையான வழக்கம். எந்நாட்டுச் சட்டத்திற்கும் முந்தியது அது. ஒருமுறை இட்ட வேலியால் அவ்வழியை அடைக்க இயலவில்லை.

வேலி இறுகியதன் விளைவையும் உலகம் கண்டது. 1944 மார்ச்சில் யு-852இன் தலைவர் ஹெய்ன்ஸ் எக், தாம் மூழ்கடித்த பெலியஸ் என்னும் கிரேக்கக் கப்பலின் மிதவைகள்மீது சுடச் செய்தார். அவற்றைப் பற்றியிருந்தோர் பலர் மடிந்தனர். தம் கப்பல் அங்கிருந்ததற்கான தடயத்தை அழிக்கவே அப்படிச் செய்ததாக அவர் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; 1945 நவம்பர் 30 அன்று அவரும் அவருடைய அதிகாரிகள் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நியூரம்பர்க் நீதிமன்றத்தில் டோனிட்சுக்கு எதிராகவும் லக்கோனியா ஆணை வைக்கப்பட்டது. கரையேறாதவரைக் கொல்லுமாறு அவர் ஆணையிட்டார் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்ற நீதிபதிகள், ஆணையின் தெளிவின்மையை வன்மையாகக் கண்டித்தனர். பசிபிக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் போரின் முதல் நாளிலிருந்தே கட்டுப்பாடற்ற போர் முறையைப் பின்பற்றின என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். ஆதலால் கடற்போர் விதிகளை மீறியதற்காக டோனிட்சுக்குத் தண்டனை அளவிடப்படவில்லை. பிற குற்றங்களுக்காகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. விதியை மீறியதில் இரு தரப்பும் ஒன்றாயின என்பது ஆறுதலா, அவமானமா? வாசகர்களே கூறட்டும்.

கடைசி மிதவை

ஹார்ட்டென்ஸ்டைன் அந்த நீதிமன்றங்களைக் காணவில்லை. லக்கோனியா நிகழ்ச்சிக்குப் பின்னும் அவர் போரைக் கைவிடவில்லை. செப்டம்பர் 19 அன்றே குவெபெக் சிட்டி என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தார். அவரைப் புனிதராக்க நாம் முயலவில்லை. கொடிய ஆட்சி ஒன்றிற்காக இறுதிவரை போரிட்டவர் அவர். கடலில் தள்ளியவரும் அவரே, தூக்கியவரும் அவரே. அந்த நான்கு நாள்கள் மற்ற நாள்களின் கணக்கைத் தீர்த்துவிடவில்லை. மற்ற நாள்களும் அந்த நான்கு நாள்களை அழித்துவிட முடியாது.

1943 மார்ச் 8 அன்று, பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே, அமெரிக்கக் காட்டலினா விமானம் ஒன்றின் குண்டுகளுக்கு யு-156 இரையானது. அப்போது அவருக்கு வயது 35. சிதைந்த கப்பலிலிருந்து சிலர் நீரில் மிதப்பதை விமானத்தில் இருந்தோர் கண்டனர். தாழப் பறந்து, தம்மிடமிருந்த மிதவையையும் உணவையும் அவர்களுக்கு எறிந்தனர். சிலர் மிதவையில் ஏறியதையும் பார்த்தனர். பின்னர் கப்பல் அனுப்பித் தேடியும் எவரும் கிட்டவில்லை. 53 பேரும் மாண்டனர்.

மிதவை எறிந்த அமெரிக்கர்கள், தாங்கள் யாருக்கு எறிகிறோம் என்று அறிந்திருக்க வழியில்லை. ஆறு மாதங்களுக்கு முன் அவர்கள் நாட்டு விமானம் செஞ்சிலுவையின்மேல் குண்டு வீசியது. ஜெர்மானியத் தலைமை இரக்கத்திற்கு வேலியிட்டது. அந்த வேலியைத் தாண்டி, எதிரியின் கையிலிருந்தே ஒரு மிதவை கடலில் வந்து விழுந்தது.

மேலிடத்து ஆணை என்ற சொல் போர்க்களத்தில் மட்டும் ஒலிப்பதன்று. நம் அலுவலகங்களிலும் ஊர்களிலும் இல்லங்களிலும்கூட, தவிப்பவரைக் கண்டும் காணாதிருக்க அது நமக்கு வசதியான மறைப்பாகிவிடுகிறது. அத்தகைய வேலியின் முன் நிற்கும்போது, நமக்கு முன் அவ்வழியே நடந்தவர்களின் காலடித் தடங்கள் அங்கே இருப்பதை நாம் நினைவில் கொள்வோம்.