விளைந்த தேறல்

உணவு எழுத்தாளர் ஒருவர் ஷாம்பெய்னைப் பற்றி எழுதப் புகுந்து, 'வின்டேஜ்' என்ற சொல்லை இரண்டாக வெட்டியிருக்கிறார். 'வின்' என்றால் மது, 'ஏஜ்' என்றால் வயது, ஆகவே வின்டேஜ் என்பது வயதான மதுவாம். பழைய கார், பழைய புடவை, பழைய கடிகாரம் எல்லாம் வின்டேஜ் ஆகிவிட்ட நாளில் இந்தப் பிரிப்பு எல்லார் வாயிலும் புழங்குகிறது. நடுவில் நிற்கும் டகரம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஓர் எழுத்துக்கு விடை சொல்லாத பிரிப்பு பிரிப்பே அன்று.

சொல் வந்த வழி தெளிவானது. இலத்தீனில் 'வீனும்' மது, 'தேமெரே' பறித்தெடுத்தல். இரண்டும் கூடி 'விந்தேமியா', அதாவது திராட்சை அறுவடை. பிரெஞ்சில் அது 'வாந்தாஞ்' ஆயிற்று. இன்றும் ஷாம்பெய்ன் நாட்டில் அறுவடைக்கு அதுதான் பெயர். இங்கிலாந்து சென்றபோது, மது வணிகரைக் குறிக்கும் 'வின்ட்னர்' என்ற சொல்லின் சாயல் ஏறி ஈறு திரிந்தது. டகரமும் அதனோடு நிலைத்தது. வயதைக் குறிக்கும் 'ஏஜ்' வேறு வேரில் பிறந்தது. பழமை என்ற பொருள் வின்டேஜ்மேல் பிற்காலத்தில் படிந்த தூசு.

பிரெஞ்சுக்காரர் புட்டியில் பொறிக்கும் ஆண்டை 'மில்லேசிம்' என்பர். 'ஆயிரமாவது' என்று பொருள்படும் இலத்தீன் 'மில்லேசிமுஸ்' அதன் மூலம். முதலில் அது நாணயத்திலும் பதக்கத்திலும் அடித்த ஆண்டுக்குப் பெயர். நாணயத்து ஆண்டு அது பிறந்த ஆண்டையே சொல்லும். புட்டியிலும் அவ்வாறே. இரு சொல்லும் பிறப்பைச் சொல்வன. முதுமையைச் சொல்வன அல்ல.

ஒரு புட்டியை வைத்தே பார்ப்போம். ஷாம்பெய்ன் நாட்டின் கோத் தே பிளான் பகுதியில் லே மெனில் சூர் ஓஜே என்றோர் ஊர், சுண்ணக்கல் நிலம், 1985இல் 'கிரான் குரூ' என்னும் மிக உயர்ந்த தகுதி பெற்றது. அங்கே பியர் பேத்தர்ஸ் என்னும் சிறு உழவர் குடும்பம், 'லே ஷெத்தியோன்' தோட்டத்து ஷார்தொனே திராட்சையை மட்டும் கொண்டு ஆண்டுப் பெயர் தாங்கிய ஷாம்பெய்ன் செய்கிறது. இத்தகைய உழவர்க்கு ஷாம்பெய்ன் நாட்டில் 'ரெகோல்தான் மனிப்யூலான்' என்று பெயர்: அறுப்பவரும் அவரே, ஆக்குபவரும் அவரே. பெருவணிக நிறுவனங்களோ பல ஊர்த் திராட்சையை விலைக்கு வாங்கிக் கலப்பவை.

லே ஷெத்தியோனின் 2002ஆம் ஆண்டுப் புட்டியை எடுங்கள். அதனுள் இருப்பது முழுமையும் அவ்வாண்டு அறுவடையே. மதுவோடு சர்க்கரையும் ஈஸ்டும் இட்டு மூடிவிடுவார்கள். உள்ளேயே இரண்டாம் முறை புளித்து நுரை பிறக்கும். ஈஸ்ட் மடிந்து அடிமண்டியாகப் படியும். ஆண்டு பொறித்த ஷாம்பெய்ன் குறைந்தது மூன்றாண்டு நிலவறையில் கிடந்த பிறகே வெளிவரலாம் என்பது சட்டம். ஆண்டு பொறிக்காததற்கு 15 மாதம் போதும். நல்ல உழவர் இன்னும் நெடுங்காலம் கிடத்துவர். அம்மண்டி மெல்லக் கரைந்துதான் வறுத்த ரொட்டியின் மணமும் கொட்டைப் பருப்பின் சுவையும் மதுவில் ஏறுகின்றன. பிறகு புட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, திறந்து வெளியேற்றுவர். இதற்கு 'தெகோர்ஜ்மான்' என்று பெயர். 'கோர்ஜ்' என்பது தொண்டை. அதன்பின் மது பளிங்கு.

ஆக, இப்புட்டியில் இரண்டு காலங்கள் உண்டு: பறித்த காலம், தெளிந்த காலம். வின்டேஜும் மில்லேசிமும் முன்னதை மட்டுமே சொல்கின்றன. பின்னதைச் சொல்லும் மதுப்பெயர் நம்மிடம் இருக்கிறது: தேறல்.

உடனே ஒரு சாரார் எழுந்து, தேன் என்பதிலிருந்தே தேறல் வந்தது என்பர். பொருந்தாது. தேன் புணருங்கால் என்னென்ன ஆகும் என்பதைத் தொல்காப்பியர் வரையறுத்துவிட்டார். தேற்குடம் என்பதில் னகரம் றகரமாவது வல்லெழுத்தின் முன். தேறலிலோ றகரத்தை ஊர்வது உயிர். மேலும் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் தேன் சேர்ந்த கள்ளைச் சொல்லி, அதன் பக்கத்திலேயே தேறல் என்றும் சொல்கின்றன. தேறலே தேன் என்றால் கூறியது கூறல் ஆகாதா?

தேறு + அல் = தேறல். ஆடு, ஆடல் போல. தேறுதல் தெளிதல். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டை தேற்றாங்கொட்டை. அதன் செயலை நெய்தற்கலி உவமையாக்கியிருக்கிறது. மனம் தெளிந்து நம்புவதும் தேறல். வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் அப்பொருளிலேயே ஆள்கிறார். நோயாளி தேறுகிறார், மாணவர் தேறுகிறார். தெலுங்கில் 'தேரு', 'தேட', மலையாளத்தில் 'தேறுக'. எல்லாம் ஒரே வேர்.

முதிர்வு அதில் இல்லையே என்பார்க்கும் நூல்களே விடை. மேற்சொன்ன இரு பாட்டுகளிலும் தேறல் மூங்கிற்குழாயில் அடைபட்டு 'விளைந்தது'. புறநானூறு 129இல் அதுவே 'பழுனியது', அதாவது முதிர்ந்தது. வயலில் விளைவதற்கும் குழாயில் விளைவதற்கும் ஒரே வினை. அறுவடையும் முதிர்வும் அதனுள் அடக்கம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஷாம்பெய்ன் என்ற நாட்டுப்பெயர் 'கம்பானியா', அதாவது சமவெளி, என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்தாலியின் கம்பானியாவும் அதே பெயர். அந்தக் கம்பானியாவின் மதுச் சாடிகள், எரிமலைக் கருமணல் கலந்த மண்ணால் வனைந்தவை, பழைய சேர நாட்டில் பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்துள்ளன. புறநானூறு 56இல் நக்கீரர் யவனர் கொணர்ந்த மதுவைப் பாடும்போது கள் என்றோ நறவு என்றோ சொல்லவில்லை, தேறல் என்றார். கடல் கடந்து வந்த சாடியில் மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நின்றதைக் கண்டறிந்தே அவர் அச்சொல்லைத் தேர்ந்தார் என்பது என் துணிபு. லே மெனில் உழவரின் 2002ஆம் ஆண்டுப் புட்டிக்குத் தமிழில் 'விளைந்த தேறல்' என்பதே பெயர்.