நாணய ஆண்டு வேறுபாடுகள்

ஒரே மதிப்புள்ள காசுகளில் ஆண்டிலக்கத்தின் வடிவிலோ, அதைச் சுற்றியுள்ள புள்ளி, குறி ஆகியவற்றிலோ காணும் வேறுபாடு. மூல அச்சிலேயே இருந்தால்தான் அது உண்மையான வகை. பின்னர் செதுக்கியது போலி.

விக்டோரியா அரசியின் 1862 வெள்ளி ரூபாய் இதற்குச் சிறந்த சான்று. அடித்தது எந்த ஆண்டானாலும் 1874 வரை 1862 என்றே பொறித்தனர். பம்பாய் நாணயச் சாலைக் காசுகளின் பின்புறப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டே சேகரிப்பாளர்கள் உண்மையான ஆண்டைக் கணிக்கின்றனர்.

சோதனை: இவ்வகை ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 விழுக்காடு. எடை மட்டும் போதாது. 1938 ரூபாயின் கடைசி இலக்கத்தைத் திருத்தி, அரிய 1939 ஆக்கினால் எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கியில், அச்சில் பிறந்த இலக்கம் மற்ற எழுத்துகளைப் போலவே தேய்ந்திருக்கும். திருத்திய இலக்கத்தின் ஓரத்தில் கீறலோ, பற்றவைத்த தடமோ, நிறமாற்றமோ தென்படும்.

நிலத்தில் பழங்காசுப் புதையல் கிடைத்தால், 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.