லார்டு: சட்டமா, ரொட்டியா?

'லார்டு' என்றால் சட்டத்தைக் காப்பவன் என்று ஒருவர் மேடையில் முழங்கியதை அண்மையில் கேட்டேன். இந்தப் பிழைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 'லேடி' ரொட்டி தருபவள், 'லார்டு' சட்டம் காப்பவன் என்று 1865இல் வந்த தம் நூலொன்றில் எழுதியவர் ஜான் ரஸ்கின். காந்தியடிகளின் மனத்தை மாற்றிய நூலை எழுதியவர்தான். அதற்காக அவர் சொன்ன சொற்பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது.

காலக்கணக்கே அவரை மறுக்கிறது. 'லா' என்னும் சொல் டேனியர்களோடு இங்கிலாந்தில் குடியேறிய சொல். அதற்கு முன் அங்கே தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் 'டோம்' போன்ற சொற்களே வழங்கின. 'லார்டு' என்பதன் பழைய வடிவம் 'ஹ்லாஃபோர்டு'. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ஸெக்ஸ் அரசன் ஈனெ வகுத்த சட்டத்திலேயே அது இருக்கிறது: அடிமை ஒருவன் தன் ஹ்லாஃபோர்டின் ஏவலால் ஞாயிறன்று வேலை செய்தால் அவனுக்கு விடுதலை, ஹ்லாஃபோர்டுக்கு 30 ஷில்லிங் தண்டம். 'லா' வருமுன்பே வாழ்ந்த சொல்லுக்கு 'லா' எப்படித் தாயாகும்?

'ஹ்லாஃப்' என்பது ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதன் பேரன். 1605இல் வெர்ஸ்டீகன் என்ற எழுத்தாளர் ரொட்டியைச் சரியாகவே பிடித்தார். ஆனால் பின்பாதியை 'அஃபோர்டு' என்ற வினையோடு ஒட்டிவிட்டார். வெறும் ஒலி மயக்கம். பின்பாதி 'வெயர்டு', அதாவது காவலன். ரொட்டிக் காவலன் 'ஹ்லாஃப்வெயர்டு' தேய்ந்து ஹ்லாஃபோர்டு ஆனான்.

சுருங்காத அந்த முழு வடிவம் ஓரிடத்தில்தானே கிடைக்கிறது என்பார்கள். அந்த ஓரிடம் எது என்று பார்க்க வேண்டாமா? பார்வோன் யோசேப்பைத் தன் வீட்டுக்குத் தலைவனாக்கியதைப் பாடும் சங்கீதத்தின் பழைய ஆங்கில வடிவம் அது. பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்து வைத்துக் காத்தவன் யோசேப்பு. லத்தீனில் 'தோமினுஸ்' என்றிருந்த இடத்தில் அந்தப் புலவன் இந்தச் சொல்லை வைத்தான்.

ஒரு சான்று போதாதென்றால் மறுபக்கச் சொல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்து கென்ட் அரசன் எத்தெல்பெர்ட்டின் சட்டம், குடியானவன் ஒருவனின் 'ஹ்லாஃப்ஏட்டா'வைக் கொன்றால் 6 ஷில்லிங் தண்டம் என்கிறது. ஹ்லாஃப்ஏட்டா என்றால் ரொட்டி தின்பவன். ஒருவன் சோற்றில் வாழும் ஆள். தின்பவன் ஒருவன் இருந்தால் காப்பவனும் ஒருவன் இருந்தாக வேண்டும். செஞ்சோற்றுக் கடன் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'லேடி'யும் இந்தக் குடும்பமே: ஹ்லாஃப்டீயெ, மாவு பிசைபவள். ரஸ்கின் 'தருபவள்' என்றது பாதிதான் சரி. ஆகஸ்டு 1இல் புது ரொட்டியைக் கோவிலில் படைக்கும் 'லாமஸ்' பழைய 'ஹ்லாஃப்மெஸ்ஸெ'. ரஷ்யரின் 'ஹ்லேப்', ஃபின்னியரின் 'லெய்ப்பா' இரண்டும் ஜெர்மானியக் கிளையிலிருந்து போன ரொட்டிகள். கோதிய மொழியில் தோழனுக்கு 'கஹ்லைபா' என்று பெயர், ஒரே ரொட்டியைப் பகிர்பவன். 'கம்பானியன்' என்பதும் லத்தீன் வேரில் அதுவே.

இனி, அந்தப் பெயருக்கு உரிய ஆள். எஸ்ஸெக்ஸின் ஏல்டர்மன் பிர்த்நோத், 956 முதல் அப்பதவியில் இருந்த பிரபு. 991 ஆகஸ்டில், லாமஸ் கழிந்து பத்து நாள் அளவில், மால்டனில் வைக்கிங்குகளோடு பொருது மாண்டான். அந்தப் போரைப் பாடும் கவிதையில் எஞ்சியவை 325 அடிகள். அதில் அவனுடைய நெருங்கிய வீரர்களுக்கு 'ஹெயோர்த்வெரோட்' என்று பெயர்: அடுப்படிப் படை. கோட்ரிக் என்பவன் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடிவிட்டான். மற்றவர்களோ மது விருந்தில் சொன்ன சொல்லை நினைவூட்டிக்கொண்டு, விழுந்த ஹ்லாஃபோர்டின் அருகிலேயே நின்று மாண்டார்கள். வளையல் தருபவன் என்றும் தலைவனை அந்தக் கவிதை அழைக்கிறதே என்பார் சிலர். வளையல் விழா நாளுக்கு, ரொட்டி அன்றாடத்துக்கு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஈலி மடத்துத் துறவிகள் தொகுத்த வரலாறு ஒன்று சொல்கிறது. போருக்குப் போகும் வழியில் பிர்த்நோத் ராம்சே மடத்தில் படைக்கு உணவு கேட்டான். அவனுக்கும் உடன் ஏழு பேருக்கும் மட்டுமே இடமுடியும் என்றார் மடாதிபதி. என் ஆட்கள் இல்லாமல் தனியாகப் போரிட முடியாது, அவர்கள் இல்லாமல் தனியாக உண்ணவும் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு நடந்தான். அடுத்து ஈலி மடம். அங்கே எல்லாருக்கும் சோறு கிடைத்தது. ராம்சேக்குப் போயிருக்க வேண்டிய நிலங்கள் ஈலிக்குப் போயின.

ஈலிக்காரர்கள் தங்கள் நிலவுரிமைக்காகக் கட்டிய கதை இது என்று தள்ளுவோர் உண்டு. தள்ளட்டும். தன் ஆட்களின் ரொட்டிக்குப் பொறுப்பில்லாதவன் ஹ்லாஃபோர்டு ஆக முடியாது என்ற எண்ணம் இருந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை நிற்கும். அந்த எண்ணமே இச்சொல்லின் வேர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மால்டனில் கிடந்த தலையற்ற உடலை எடுத்து வந்து, தலை இருந்த இடத்தில் மெழுகு உருண்டை வைத்து அடக்கம் செய்தவர்கள் ஈலித் துறவிகள் என்கிறது அதே நூல். 1769இல் அந்த எலும்புகளை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோடு இல்லை.