ஆங்கிலத்தில் சமய நம்பிக்கைச் சொற்கள்

சமய நம்பிக்கையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் தலையாயவை நான்கு: பிலீஃப், ஃபெய்த், கிரீட், ரிலிஜன். முதற்சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். மற்ற மூன்றும் இலத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை. இன்றைய வழக்கில் இவை பெரும்பாலும் ஒரு கருத்தை உண்மையென ஏற்பதைச் சுட்டுகின்றன. பிறந்த காலத்திலோ இவை அன்பு, வாக்கு, நெஞ்சு, கடப்பாடு ஆகியவற்றின் சொற்கள். நெஞ்சைக் குறித்த சொற்கள் படிப்படியாகக் கருத்தைக் குறிக்கும் சொற்களாக மாறிய வரலாறு இது. இம்மாற்றத்தை அறியாமல் பழைய நூல்களைப் படித்தாலும் மொழிபெயர்த்தாலும் பொருள் பிறழும்.

பிலீஃப்

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'கெலேயாஃபா'. 12ஆம் நூற்றாண்டளவில் 'கெ' என்ற முன்னொட்டு விலகி, அவ்விடத்தில் 'பி' வந்து சேர்ந்தது. முன்னொட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சும் வேர் 'அன்புக்குரிய' எனப் பொருள்படும் 'லீஃப்' என்ற பழஞ்சொல்லுக்கும் 'லவ்' என்ற சொல்லுக்கும் உறவானது. ஜெர்மன் மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் 'கிளௌபே', அன்பு செய்தலைக் குறிக்கும் 'லீபென்' ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருவரை 'பிலீவ்' செய்வது என்பது அவரை நெஞ்சுக்கு உகந்தவராகக் கொண்டு அவர்மேல் பற்று வைப்பதாக இருந்தது.

இவ்வினைச்சொல் ஆங்கிலத்தில் இருவகைத் தொடர்களில் வருகிறது. 'பிலீவ் தட்' என்பது ஒரு செய்தி உண்மை என்று கொள்வது. 'பிலீவ் இன்' என்பது ஒருவரையோ ஒன்றையோ பற்றிக்கொள்வது. தமிழ் இவ்வேறுபாட்டை எளிதாகக் காட்டும். 'மருத்துவர் உள்ளே இருக்கிறார் என்று நம்புகிறேன்' என்பவர் ஓர் ஊகத்தைச் சொல்கிறார்; மருத்துவர் இல்லையென்றால் வீடு திரும்பிவிடுவார். 'இந்த மருத்துவரை நம்புகிறேன்' என்பவர் தம் உடம்பையே அவர் கையில் ஒப்படைக்கிறார். இடைக்கால இலத்தீன் இறையியலாளர் அகுஸ்தீனின் வழிநின்று இதை மூன்றாகப் பகுத்தனர்: கடவுள் உண்டு என நம்புதல், கடவுள் சொல்வதை நம்புதல், கடவுளை நோக்கி நம்பிச் செல்லுதல். மூன்றாவதையே அவர்கள் முழுமையான நம்பிக்கையாகக் கொண்டனர். 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மெய்யியலர் எச். எச். பிரைஸ் 1965இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதே வேறுபாட்டை மீண்டும் ஆராய்ந்தார்.

ஃபெய்த்

இலத்தீன் 'ஃபிதெஸ்', பழைய பிரெஞ்சில் 'ஃபெய்த்' ஆகி, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. பிரெஞ்சு மொழி பின்னாளில் சொல்லிறுதி மெய்யை உதிர்த்து 'ஃபுவா' ஆக்கிக்கொண்டது. கடன் வாங்கிய ஆங்கிலமோ அந்த ஒலியைக் காத்து வைத்திருக்கிறது. உரோமரிடையே ஃபிதெஸ் என்றால் கொடுத்த சொல்லைக் காக்கும் பண்பு. இன்றும் 'ஃபெய்த்ஃபுல்' என்றால் உண்மையுள்ளவர். வணிக ஒப்பந்தங்களில் வரும் 'குட் ஃபெய்த்', சட்டத்தில் வரும் 'போனா ஃபிதே' ஆகியவற்றிலும் அந்தப் பழைய பொருளே வாழ்கிறது. நாயின் விசுவாசம் என்று நாம் சொல்லும்போது அந்த நாய் எந்தக் கோட்பாட்டையும் ஏற்பதில்லை. உண்ட சோற்றுக்கு உண்மையாக இருக்கிறது. ஃபெய்த் என்ற சொல்லின் தொடக்கப் பொருள் இதற்கு மிக நெருங்கியது.

இச்சொல் வந்த பிறகு 14ஆம் நூற்றாண்டிலிருந்து இரண்டுக்கும் வேலைப் பிரிவினை ஏற்பட்டது. அதற்கு முன் கடவுள்மேல் வைக்கும் பற்றுறுதிக்கு பிலீஃப் என்ற சொல்லே வழங்கியது. அப்பொருளை ஃபெய்த் எடுத்துக்கொள்ள, பிலீஃப் மெல்லப் பொதுவான 'ஏற்பு' என்ற நிலைக்கு இறங்கியது.

கிரீட்

நம்பிக்கை அறிக்கையைக் குறிக்கும் இச்சொல், அவ்வறிக்கையின் இலத்தீன் வடிவத்தின் முதற்சொல்லான 'கிரேதோ', அதாவது 'நம்புகிறேன்' என்பதிலிருந்து வந்தது. திருமுழுக்கின்போதும் வழிபாட்டின்போதும் வாய்விட்டுச் சொல்லப்பட்ட உறுதிமொழி இது. கி.பி. 325இல் நைசியாவில் கூடிய சங்கம் வகுத்து, 381ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் அறிக்கையே இவற்றுள் புகழ்பெற்றது. அச்சங்கங்களின் கிரேக்க வாசகம் 'நம்புகிறோம்' எனப் பன்மையில் தொடங்கியது; வழிபாட்டு இலத்தீன் அதை ஒருமையாக்கியது. கத்தோலிக்கரின் ஆங்கிலத் திருப்பலியில் 1970களில் 'நாங்கள்' என்றிருந்த தன்மைப் பன்மை, 2011இல் மீண்டும் 'நான்' ஆனது. சபையின் குரலா, தனியாளின் குரலா என்ற வினா ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

'கிரேதோ' என்ற சொல்லுக்கு இந்தியாவிலும் உறவு உண்டு. சமஸ்கிருதச் 'சிரத்தா' அதன் உடன்பிறப்பு. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே கூட்டுச்சொல்லிலிருந்து வந்தவை. 'நெஞ்சை வைத்தல்' என்பதே அதன் பொருள் என அறிஞர் பலர் கொள்கின்றனர். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சிரத்தையைத் தெய்வமாகப் போற்றும் பதிகம் ஒன்று உள்ளது.

விவிலிய ஆங்கிலம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பெயர்ச்சொல் 'பிஸ்திஸ்', வினைச்சொல் 'பிஸ்தெயுவோ'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் பெயருக்கு ஃபிதெஸ், வினைக்குக் கிரேதோ என இரு வேர்கள் பயன்பட்டன. ஆங்கிலமும் அப்படியே பெயருக்கு ஃபெய்த் என்றும் வினைக்கு பிலீவ் என்றும் வைத்துக்கொண்டது. ஃபெய்த் என்ற பெயருக்கு வழக்கில் நிலைத்த வினை வடிவம் இல்லாததே காரணம். 1526இல் அச்சான வில்லியம் டின்டேலின் புதிய ஏற்பாடும், 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் இம்முறையை நிலைநாட்டின. ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் ஃபெய்த் 200 முறைக்கு மேல் வருகிறது. பிலீஃப் என்ற பெயர்ச்சொல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒரே ஒருமுறை வருகிறது. கிரேக்க வாசகர் ஒரே சொல்லாகக் கேட்டதை ஆங்கில வாசகர் இரண்டு சொற்களாகக் கேட்டார். பிலீவ் என்ற வினையின் பொருள் பின்னர் நீர்த்தபோது, விவிலியத்தில் அவ்வினை வரும் இடமெல்லாம் சேர்ந்து நீர்த்தது.

கருத்தாக மாறிய காலம்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இச்சொற்கள் அறிவாராய்ச்சிக்குள் இழுக்கப்பட்டன. ஜான் லாக் தம் 'மனித அறிவு குறித்த கட்டுரை' (1690) நூலில், பகுத்தறிவால் நிறுவப்படாமல், சொன்னவரின் நம்பகத்தைக் கொண்டு ஒரு கூற்றுக்கு இசைவு தருவதே ஃபெய்த் என வரையறுத்தார். டேவிட் ஹியூம் பிலீஃப் என்பதை மனத்தின் இயல்பை விளக்கும் கலைச்சொல்லாகவே எடுத்தாண்டார். இவ்வாறு நம்பிக்கை என்பது சான்றுகளைத் தராசில் வைத்து எடைபோட வேண்டிய கூற்றானது. மானிடவியலின் முன்னோடியான எட்வர்ட் டைலர் 1871இல் சமயத்துக்கு ஆவிகளின்மேல் கொண்ட நம்பிக்கையே குறைந்தபட்ச வரையறை என்றபோது, பிலீஃப் உலக மக்கள் அனைவரையும் அளக்கும் கோலாகிவிட்டது.

இதற்கு மறுப்பும் எழுந்தது. போர்னியோவின் பெனான் மக்களிடையே ஆய்வு செய்த ராட்னி நீடம், 'கடவுளை நம்புகிறேன்' என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்ற சிக்கலிலிருந்து தொடங்கி, 1972இல் ஒரு நூலே எழுதினார். நம்புதல் என்ற மனநிலை எல்லா மொழிகளிலும் ஒன்றுபோல இருக்கும் எனக் கொள்ள முடியாது என்பது அவர் முடிவு. கனடிய அறிஞர் வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித் 1977, 1979ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு நூல்களில், பிலீவ் என்ற வினை ஆளிடமிருந்து கூற்றுக்கும், உறுதியிலிருந்து ஐயத்துக்கும் நகர்ந்ததை விரிவாகக் காட்டினார்.

ரிலிஜன்

இதன் மூலமான இலத்தீன் 'ரெலிகியோ'வுக்கு, 'மீண்டும் கவனித்துப் படித்தல்' என்ற வேரைச் சிசரோவும், 'பிணைத்தல்' என்ற வேரை லாக்டான்டியஸும் கூறினர். இடைக்கால ஆங்கிலத்தில் 'ரிலிஜனுக்குள் போனார்' என்றால் துறவு மடத்தில் சேர்ந்தார் என்று பொருள். மதச் சீர்திருத்தமும் கடற்பயணங்களும் இப்பொருளை மாற்றின. ஒப்பிடத்தக்க பல சமயங்கள் உலகில் உண்டு என்ற எண்ணத்தோடு பன்மை வழக்கு பரவியது. சாமுவேல் பர்ச்சஸ் 1613இல் உலகின் சமயங்களைத் தொகுத்து எழுதிய நூல் இதற்கு நல்ல சான்று.

மறுப்போரின் சொற்கள்

நம்பாதவர்க்கு நம்புவோர் இட்ட பெயர்களே முதலில் தோன்றின. 'ஹெரட்டிக்' என்ற சொல்லின் கிரேக்க மூலம் தேர்ந்துகொள்வதைக் குறித்தது. 'பேகன்' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். 'மிஸ்கிரியன்ட்' என்ற சொல்லின் கதை துயரமானது. தவறான நம்பிக்கை உடையவர் என்பதே அதன் முதற்பொருள். மாற்றுச் சமயத்தவர் தீயவர் என்ற எண்ணம் ஊறி ஊறி, சொல் கயவனைக் குறிக்கத் தொடங்கியது. இன்று இந்திய ஆங்கில நாளேடுகளில் பேருந்துக் கண்ணாடியை உடைத்தவர்களுக்கெல்லாம் இப்பெயர் சூட்டப்படுகிறது. ஒரு வெறுப்பின் தடம் அதில் இருப்பதை எழுதுவோரும் படிப்போரும் உணர்வதில்லை.

19ஆம் நூற்றாண்டில் மறுப்போர் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். தெய்வநிந்தனைக் குற்றத்துக்காக 1842இல் சிறை சென்ற ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1851இல் 'செக்யூலரிசம்' என்ற சொல்லை வழங்கினார். தாமஸ் ஹக்ஸ்லி 1869இல் 'அக்னாஸ்டிக்' என்பதை ஆக்கினார். உண்டு என்றோ இல்லை என்றோ அறிந்ததாகச் சொல்ல மறுக்கும் நேர்மைக்கு அவர் தேடிக்கொண்ட பெயர் அது.

சட்டமும் இதில் பங்குகொண்டது. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நார்தாம்டனிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதில் உறுதிமொழி எடுக்க அவர் கேட்டபோது அவை மறுத்தது. பிறகு ஆணையிட முன்வந்தபோதும் தடுத்தது. மீண்டும் மீண்டும் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தும், 1886இல்தான் இருக்கை கிடைத்தது. 1888ஆம் ஆண்டின் ஆணைச் சட்டம் உறுதிமொழி எடுக்கும் உரிமையை உறுதிப்படுத்தியது.

இன்றைய சட்ட வழக்கு

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 18ஆம் பிரிவில் ரிலிஜன், பிலீஃப் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் பிலீஃப் மெய்யியல் நம்பிக்கையையும், நம்பிக்கை இன்மையையும் உள்ளடக்கும். இந்திய அரசமைப்பின் முகப்புரை பிலீஃப், ஃபெய்த், வழிபாடு மூன்றையும் வரிசையாகக் கூறுகிறது. இந்தி வடிவம் முதலிரண்டுக்கும் 'விசுவாசம்', 'தருமம்' என்ற சொற்களை ஆள்கிறது. சென்னை மாநில அறநிலைய ஆணையருக்கும் ஷிரூர் மடத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இல், சமயம் என்பது கோட்பாட்டு நம்பிக்கையோடு முடிவதில்லை, சடங்கும் வழிபாடும் அதன் பகுதிகளே எனத் தீர்ப்பளித்தது. பிலீஃப் என்ற ஒற்றைக் கோலால் இந்தியச் சமயங்களை அளக்க முடியாது என்பதற்குச் சட்டம் தந்த ஒப்புதல் இது.

தமிழாக்கத்தில்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஃபெய்த் நெடுங்காலம் 'விசுவாசம்', ஹோப் 'நம்பிக்கை'. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு முன்னதை 'நம்பிக்கை' என்றும் பின்னதை 'எதிர்நோக்கு' என்றும் மாற்றியது. பழைய மொழிபெயர்ப்பையும் இதையும் அருகருகே வைத்து, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தைப் படிப்பவர், 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரு வேறு இடங்களில் நிற்பதைக் காண்பார். ஆனால் தமிழுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: நம்பிக்கை–நம்பு, விசுவாசம்–விசுவாசி எனப் பெயரும் வினையும் கிரேக்கத்தைப் போலவே ஒரே வேரில் நிற்கின்றன. ஆங்கிலம் இழந்த ஒருமையை மொழிபெயர்ப்பாளர் தமிழில் மீட்க முடியும்.

கிரேதோவின் உடன்பிறப்பான சிரத்தை தமிழில் சமயச் சொல்லாக மட்டும் நின்றுவிடவில்லை. 'சிரத்தையாகப் படி' என்று தாய் பிள்ளையிடம் சொல்கிறாள். எதை உண்மையென ஏற்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. நெஞ்சை அதில் வை என்கிறாள். ஆங்கிலத்தில் மங்கிப்போன அந்தப் பழைய பொருள் தமிழ் வீடுகளில் அன்றாடப் பேச்சாக வாழ்கிறது.