தட்டும் பொத்தானும்: குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சையில் பயிற்சிக் களம் எது?

ஆக்குபேஷனல் தெரபி எனும் துறை தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று வழங்கப்படுவதால் ஒரு மயக்கம் நேர்கிறது. தொழில் என்றதும் பிழைப்புக்கான வேலையே நினைவுக்கு வருவதால், நான்கு வயதுக் குழந்தைக்கு இது எதற்கு என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பே. ஆனால் உண்ணல், நடத்தல் போன்ற சொற்களைத் தொழிற்பெயர் என்று தமிழ் இலக்கணம் குறிக்கும்போது, தொழில் என்பது செயலையே சுட்டுகிறது. இத்துறை கையாளும் பொருளும் அதுவே. உண்ணுதல், உடுத்துதல், குளித்தல், எழுதுதல், விளையாடுதல் எனக் குழந்தையின் ஒரு நாளை நிரப்பும் யாவும் இங்கே தொழில்களாகும்.

இச்செயல்களைக் கற்பிக்கும் வழி குறித்து இரு நிலைப்பாடுகள் உள்ளன. தசைவலிமை, சமநிலை, புலனுணர்வு ஆகிய அடிப்படைக் கூறுகளைச் சீர்செய்தால் செயல்திறன் தானாகக் கைவரும் என்பது ஒன்று. உடலின் புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்தும் முறையை ஆராய்ந்து, 1972-இல் ஜீன் ஏயர்ஸ் நூலாக வெளியிட்ட புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு இவ்வகையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. எனினும், அதன்வழிச் சிகிச்சைகளுக்கான சான்றுகள் குறைவே என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் எச்சரித்தது. கற்க வேண்டிய செயலையே நேரடியாகப் பயிற்றுவிப்பது மற்றொரு நிலைப்பாடு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்து அயோனா நோவக்கும் பிறரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கு சார்ந்த பயிற்சியும் வீட்டுப் பயிற்சித் திட்டமும் வலுவான சான்றுடையவையாக வரிசைப்படுத்தப்பட்டன. இரண்டாம் நிலைப்பாடே ஏற்கத்தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சோறு உண்ணும் செயலைச் சற்று அணுகி நோக்கினால் இதன் காரணம் விளங்கும். சாம்பார் ஊற்றிய சோற்றை விரல்நுனிகளால் பிசைந்து, கவளமாகத் திரட்டி, நான்கு விரல்களையும் சற்றே குவித்து ஏந்தி, வாயருகே வந்ததும் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சோறு நசுங்கும், தளர்த்தினால் மடியில் சிந்தும். களிமண் உருட்டுவதோ மணி கோப்பதோ இந்த அழுத்த அளவைக் கற்றுத்தருவதில்லை. அதைக் கற்றுத்தருவது சோறேயாகும். ஆனால் குழந்தைகளின் தற்சார்பை அளக்க 1992-இல் அமெரிக்காவில் உருவான பீடி (PEDI) எனும் மதிப்பீட்டில், கரண்டி, முள்கரண்டி, கத்தி ஆகியவற்றின் பயன்பாடு தனித்தனியே கேட்கப்படுகிறது. கையால் உண்ணும் வீட்டுக் குழந்தையை இவற்றைக் கொண்டு அளந்தால், இல்லாத குறை பதிவாகும். இருக்கும் இடர்ப்பாடு பதிவாகாது.

அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கனடாவில் ஹெலின் பொலாட்டைக்கோவும் ஏஞ்செலா மாண்டிச்சும் வளர்த்தெடுத்த முறை இங்கே குறிப்பிடத்தக்கது. அறிவுத்திறனில் குறையின்றியும், சட்டைப் பொத்தான் மாட்டுவதிலும் மிதிவண்டி ஓட்டுவதிலும் எழுதுவதிலும் தடுமாறும் இக்குழந்தைகள், பள்ளி வயதினருள் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினர். இம்முறையில் குழந்தை தனக்கு வேண்டிய இலக்கைத் தானே சொல்கிறது. வழியைத் திட்டமிட்டு, செய்துபார்த்து, சரிவந்ததா என்று தானே சோதிக்கிறது. பொத்தானின் பாதி துளைக்குள் நுழைந்து நின்றுவிட்டால், சிகிச்சையாளர் அதை இழுத்துவிடாமல், “மற்றக் கை எங்கே இருக்க வேண்டும்?” என்று கேட்கிறார். விடையைக் கண்டுபிடித்த குழந்தைக்கு அடுத்த சட்டையிலும் அது உதவுகிறது.

அடிப்படை வலிமையின்றிச் செயல் எவ்வாறு அமையும் என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. மூட்டு இறுகிய கைக்குத் தாங்குபட்டையும், சாயும் உடலுக்கு ஏற்ற இருக்கையும் தேவையே. ஆயினும் அவை செயலுக்குத் துணையேயன்றி மாற்றல்ல.

பெரிய தடை வேறிடத்தில் உள்ளது. பள்ளி வேன் வருமுன் ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் அன்பின் வெளிப்பாடே எனினும், பயிலக் கிடைத்த வேளை நாள்தோறும் அதில் கழிந்துவிடுகிறது. அதே குழந்தை பதினைந்து வயதில் நாப்கின் மாற்றவும், பேருந்தில் தனியே செல்லவும், கடையில் மீதிச் சில்லறை எண்ணவும் பிறரை எதிர்நோக்கி நிற்க நேர்கிறது. ஆகவே சிகிச்சைக் குறிப்பேட்டின் முதல் வரியில், தசைவலிமையின் அளவுக்கு முன்பாக, குழந்தை தானே செய்ய விரும்பும் ஒரு வேலை அதன் சொல்லிலேயே எழுதப்பட வேண்டும். விடுமுறை நாளின் காலையுணவிலேனும் அதற்குரிய கால் மணி நேரத்தைப் பெற்றோர் விட்டுக்கொடுக்க வேண்டும்.